வேலியில் கட்டிய லைன்

கமலாதேவிக்குக் கோபம் வந்தால் முதலில் அறிவது குசினிப் பாத்திரங்கள்தான். அந்த வெள்ளிக்கிழமை காலை, தீவுக் கிராமமான சுருவிலில் அவளுடைய பின்வளவு வீட்டில் தேத்தண்ணிக் கேத்தில் விழுந்த சத்தம் ஒழுங்கை திரும்பும் முடக்குவரை கேட்டது.

"அம்மா, சிவப்பு லைற் எரியுது!" கம்சிகா அறைக்குள் இருந்து கத்தினாள். "லைன் செத்துப் போச்சு!"

"எந்த லைன்?"

"எங்களுக்கு எத்தினை லைன் இருக்கு? பைபர் இன்ரநெற் லைன்தான்!"

இந்த வாரம்தான் கதைக்குள் காலடி வைக்கிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கமலாதேவியின் ஒரே மகள் கம்சிகா, கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறாள். தற்காலிக வேலை. சிக்னல் பிடிக்கத் தண்ணித் தாங்கியில் ஏறி நின்று, வெயிலில் கறுத்து, காற்றில் தொண்டை கட்டி அந்த வேலையைக் காப்பாற்றி வந்தவள். 'வீட்டில் உறுதியான லைன் இருந்தால் நிரந்தரம் தருகிறோம், இல்லாவிட்டால் கொழும்புக்கு வரவேண்டும்' என்று கொம்பனி சொல்லிவிட்டது. மகள் கொழும்புக்குப் போனால் அந்த வீட்டில் தனக்கென்று பேச ஆள் இல்லை என்பது கமலாதேவியின் பயம். அதற்காக முடக்குப் பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்திருந்தாள்.

பைபர் லைன் தீவுக்கு வந்தது, பெருந்தெருவால் போனது. ஆனால் பின்வளவுக்கு வரும் வழியில் முன்வளவு இருக்கிறதே! அது கமலாதேவியின் கணவர் அரியநாயகத்தின் தங்கை சிவயோகமலருக்குச் சீதனமாகப் போன காணி. வேலியும் அவளுடையதுதான். "என்ர காணிக்குள்ள ஒரு தூணும் நடக்கூடாது" என்று யோகம் ஒற்றைக்காலில் நின்றாள். வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த அண்ணன் படியேறிப் போய்க் கேட்ட பிறகுதான் இளகினாள். "தூண் வேண்டாம். வேணுமெண்டா என்ர வேலிக் கதியாலில கட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். கரம்பொன்னிலிருந்து வந்த லைன்காரன் டிலோன் வேலியில் நட்டு வளர்ந்த பூவரசங் கதியால்களில் கறுப்புக் கம்பியைக் கட்டி இழுத்துக் கொடுத்தான்.

அந்தப் பேச்சோடு இன்னொன்றும் கூடிவந்தது. யோகம் கணவரை இழந்தவள். வைகாசியில் அவளுடைய மகள் நிலாந்தினிக்குக் கலியாணம். "அண்ணையும் மச்சாளும் நிண்டு தாரைவார்த்துத் தரவேணும்" என்று கேட்டாள். அரியநாயகம் கண் கலங்கி ஓமென்றார். கமலாதேவியும் ஓமென்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்லாம் இப்படி ஒரு ஒழுங்குக்கு வந்த நேரத்தில்தான், பதினொரு மணிக்குக் கணினியில் நேர்முகம் என்ற அன்றைக்கு, இந்தச் சிவப்பு லைற்.

"உவள்தான்!" கமலாதேவி அகப்பையோடு வெளியே வந்தாள். "உவள் யோகம்தான் அறுத்திருக்கிறாள்!"

"அம்மா, முதல்ல டிலோனுக்குக் கோல் எடுப்பம்."

"நீ எடு. நான் போய் அவளுக்கு நாலு குடுத்திட்டு வாறன்."

"ஆர் அறுத்தது எண்டு தெரியாமல் என்னத்தைக் குடுக்கப் போறியள்?"

"தெரியிறதுக்கு என்ன கிடக்கு? இந்த ஒழுங்கையில எங்களைக் கண்டா வயிறெரியிற ஆள் வேற ஆர்?"

சொல்லிக்கொண்டே வாசல் படலையைத் தாண்டிவிட்டாள். அந்த நடையைப் பார்த்து ஒழுங்கையில் படுத்திருந்த நாய் எழும்பி விலகியது.

யோகம் கேற்றுக்கு உள்ளே முற்றம் தெளித்துக்கொண்டு நின்றாள். விறாந்தைக் கூரைக்குக் கீழே, சுவிஸில் இருக்கும் மகன் ஜெயரூபன் பூட்டுவித்த கமெரா தெருவைப் பார்த்தபடி இருந்தது. வாசற்படியில் நிலாந்தினி தலை துவட்டிக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், உமக்கு நெஞ்சில ஈரம் இருக்கோ?" கமலாதேவி கேற்றைப் பிடித்து உலுக்கினாள்.

"காலங்காத்தால வந்து ஏன் கேற்றைப் பிடுங்கிறீர்? என்ன நடந்தது?"

"நடிக்காதையும்! லைனை அறுத்துப்போட்டு முற்றம் தெளிக்கிறீரோ?"

யோகம் வாளியைக் கீழே வைத்தாள். "வாயைக் கழுவிப்போட்டு வந்து கதையும். நான் ஏன் அறுக்கிறன்? கட்ட விட்டதே நான்தான். அறுக்கிறதெண்டா அண்டைக்கே மாட்டனெண்டு சொல்லியிருப்பன்."

"அண்டைக்குத் தமையனுக்கு முன்னால நல்லபேர் எடுக்க வேண்டியிருந்தது. கலியாணத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அதுதான் ஓமெண்டனீர். என்ர பிள்ளை உத்தியோகம் பாக்கிறது உமக்குக் கண்ணில குத்துது!"

"எனக்கு ஒரு கண்ணிலயும் குத்தேல்லை. என்ர பிள்ளையளும் நல்லாத்தான் இருக்குதுகள்."

"பெரிய கமெரா பூட்டிக் கள்ளன் பிடிக்கிற வீடு! வேலியில தொங்கின கம்பியைப் பாக்கத் தெரியேல்லையோ உந்தக் கமெராவுக்கு?"

அதைக் கேட்டு நிலாந்தினி தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். பிறகு துவாயோடு உள்ளே போய்விட்டாள். கமலாதேவி அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அத்தோடு திரும்பி வீட்டுக்குப் போயிருப்பாள்.

பின்னால் ஓடிவந்த கம்சிகா தாயின் கையைப் பிடித்தாள். ஆனால் அவளுக்கும் நெஞ்சு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. "மாமி, நான் உங்களுக்கு என்ன செய்தனான்? இண்டைக்கு எனக்கு நேர்முகம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? நிலாந்தினியிட்ட நான்தானே சொன்னனான்?"

யோகத்தின் முகம் மாறியது. "நீயுமோ பிள்ளை?"

"வேற ஆர் மாமி?"

"கேட்டீரோ?" கமலாதேவிக்கு ஏறிவிட்டது. "சின்னப் பிள்ளைக்கே விளங்குது. புருசன் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு கெப்பரும் திமிரும் ஆகாது மச்சாள்!"

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அது கமலாதேவிக்கும் தெரியும். ஆனால் வாயால் வந்ததைத் திரும்ப விழுங்குகிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

யோகம் வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் கேற்றடியில், கமலாதேவியின் காலுக்கு நேரே ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

டிலோன் மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கியபோது அரியநாயகமும் தோட்டத்தால் வந்துவிட்டார். டிலோன் வேலியோரமாக நடந்து, கதியால் கதியாலாகக் குழையை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனான். ஒழுங்கை வளைகிற இடத்தில் நின்றான்.

"இஞ்ச வாங்கோ அண்ணை. இதில பாருங்கோ."

மாரி மழைக்குப் பூவரசு மதாளித்து வளர்ந்து கம்பியை மூடியிருந்தது. டிலோன் இலைகளைத் தூக்கிக் காட்டினான். கம்பியின் நுனி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்றுமில்லை.

"எலி கடிச்சதோ தம்பி?" அரியநாயகம் நம்பிக்கையோடு கேட்டார். அவருக்கு அது எலியாக இருந்தால் நிம்மதி.

"இல்லை அண்ணை. மாடு இழுத்ததுமில்லை. கத்தி வெட்டு. நல்ல கூர்க் கத்தி. நடுவில ஒரு துண்டைக் காணேல்லை, கட்டின நாடாவோட கொண்டுபோட்டினம்."

"துண்டையும் கொண்டுபோட்டாளோ!" கமலாதேவி கையைத் தட்டினாள். "பாருங்கோ, உங்கட தங்கச்சியின்ர வேலையை!"

"கெதியா ஒட்டித் தா டிலோன்," என்றாள் கம்சிகா. "பதினொரு மணிக்கு எனக்கு நேர்முகம்."

டிலோன் தலையைச் சொறிந்தான். "ஒட்டுற மெசின் நயினாதீவில நிக்குது. அங்க ஒரு வேலை. பின்னேர வள்ளத்திலதான் கொண்டு வருவினம். நாளைக்குக் காலமை முதல் வேலையா உங்களுக்குத்தான் செய்வன். இண்டைக்கு ஏலாது. நான்தான் ரெண்டு வீட்டுக்கும் சொன்னனானே, வேலியில கத்தி வைக்கிறதெண்டா எனக்கு ஒரு கோல் எடுங்கோ, வந்து கழட்டித் தாறன் எண்டு?"

"யாழ்ப்பாணத்துக்கு ஏத்திக்கொண்டு போகட்டே பிள்ளை?" என்றார் அரியநாயகம்.

"போய்? ஏதாவது கடையில சனத்துக்கு நடுவில இருந்து கதைக்கிறதோ? தீவில லைன் நிக்குதோ எண்டு அளந்து பாக்கத்தானே அப்பா அவை இந்த நேர்முகமே வைக்கினம்!" கம்சிகா விறுவிறென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

அரியநாயகம் சாதுவான மனிதர். ஊரில் யாரும் அவர் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முன்வளவுப் பக்கம் நடந்தார். கமலாதேவிக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. சமாதானமான நாள் தொட்டுத் தங்கச்சி தங்கச்சி என்று உருகினாரே, இனியாவது தெரியட்டும்.

ஆடுகள் கத்தின. காலையிலிருந்து தண்ணீர் வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு பட்டிக்குப் போனாள்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இத்தனை வாரமாக உங்களுக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கமலாதேவி தன் ஆடுகளுக்குக் குழை வெட்டுவது யோகத்தின் வேலியில். இன்று நேற்றல்ல, காணி பிரிந்த காலம் தொட்டு. விடியப்புறம், யோகம் எழும்பிக் குசினிக் கதவு திறக்க முதல், நீளத் தடியின் நுனியில் சத்தகக் கத்தி கட்டிய கொக்கைத்தடியோடு போவாள். எட்டி மாட்டி நாலு இழுவை, ஒரு கட்டுக் குழை, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். தன் வளவில் குழை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பூவரசங் கதியால்களை நட்டது அவள். கலியாணம் முடித்து வந்த முதல் மாரியில், காணி ஒன்றாக இருந்தபோது, சேற்றுக்குள் நின்று தன் கையால் நட்டவள். பிறகு பிரிப்பில் வேலி யோகத்தின் பக்கம் போனது. 'அவளின்ர வேலியாம்! என்ர கதியால்!' என்று ஒவ்வொரு விடியலிலும் ஒரு இழுவை இழுத்தால்தான் கமலாதேவிக்கு அன்றைய நாள் தொடங்கும்.

டிலோன் கம்பி கட்டியது அவளுக்குத் தெரியும். அது மேலால், உச்சியால் போகிறது என்று நினைத்திருந்தாள். முடக்கில் ஒரு கதியால் உக்கிப்போய்விட்டதால் அவன் கம்பியைக் கீழே இறக்கிக் கட்டியது அவளுக்குத் தெரியாது. இருட்டில் காதை யோகத்தின் குசினிப் பக்கம் வைத்துக்கொண்டு இழுக்கிறவள் எதைப் பார்ப்பாள்?

பட்டியில் தொங்கிய குழைக்கட்டை ஆடுகள் பாதி கடித்திருந்தன. இலை போன இடத்தில் ஒரு கறுப்புக் கம்பித்துண்டு தொங்கியது. டிலோன் கட்டிய வெள்ளை நாடா அப்படியே இருந்தது.

கமலாதேவி வாளியை வைத்தாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ பிள்ளையாரே" என்றாள், ஆட்டுக்கும் கேட்காத குரலில்.

அந்த நேரம் பார்த்து முன்வளவிலிருந்து அரியநாயகத்தின் சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தம் அந்த மனிதருக்குள் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"வைகாசியில தாரைவார்க்க வேற ஆளைப் பார்! நான் உன்ர படி மிதிக்க மாட்டன். எனக்கொரு தங்கச்சி இல்லை, போ!"

ஓடிப்போயிருந்தால் நிறுத்தியிருக்கலாம். "நில்லுங்கோ, வெட்டினது நான்" என்று ஒரு சொல். அவ்வளவுதான். கமலாதேவி பட்டி வாசல்வரை வந்தாள், உண்மையாகவே வந்தாள். ஆனால் அந்த ஒரு சொல்லோடு மற்றதும் வெளியே வருமே! கொக்கைத்தடி வரும், விடியப்புறம் வரும், வருஷக்கணக்காக வெட்டின குழை வரும். "குழைக் கள்ளி" என்று யோகம் ஊர் முழுக்கச் சொல்லுவாள். கேற்றில் நின்று தான் சொன்ன அந்தக் கேடுகெட்ட சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். யோகத்துக்கு முன்னால் தலை குனிகிறதைவிடச் செத்துப்போகலாம் என்று அவளுக்குப் பட்டது.

கம்பியை உருவி எடுத்து ஆட்டெருக் குவியலுக்குள் ஆழமாகச் செருகினாள். மேலே இரண்டு கைபிடி எருவை அள்ளிப் போட்டு மூடினாள். கையைக் கழுவிக்கொண்டு குசினிக்குப் போய்க் கத்தரிக்காய் வெட்டத் தொடங்கினாள்.

அரியநாயகம் வீட்டுக்கு வரவில்லை. நேரே தோட்டத்துக்குப் போய்விட்டார். கம்சிகா விறாந்தையில் லப்ரொப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அழுது முடித்த முகம்.

அப்போதுதான் படலையில் யோகம் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, படலையைத் திறக்கவும் இல்லை. கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் கல்லுப் போல இருந்தது.

"பிள்ளை கம்சிகா. என்ர வீட்டுக்கு நேர றோட்டாலதான் லைன் வருது. அது வேலை செய்யுது. வந்து இருந்து கதை."

கமலாதேவி குசினியால் பாய்ந்து வந்தாள். "ஒருத்தரும் உம்மட்டைப் பிச்சை கேக்கேல்லை!"

"நான் உம்மோட கதைக்கேல்லை." யோகம் அவளைப் பார்க்கவே இல்லை. "பிள்ளை, அன்பில கூப்பிடுறன் எண்டு நினைக்காதை. உன்ர கொம்மா என்னைச் சொன்ன சொல்லுக்கும், கொப்பர் வந்து சொல்லிப்போட்டுப் போன சொல்லுக்கும், நீ என்ர வீட்டுக் கதிரையில இருந்துதான் உந்த வேலையை எடுக்க வேணும். நாளைக்கு ஊர் கேக்கேக்க அதை நான் சொல்ல வேணும். விருப்பமெண்டா வா."

"போகாதை பிள்ளை! நடுவில கழட்டி விட்டிடுவாள்!"

"கழட்டினா இப்ப இருக்கிற நிலைமைதானே அம்மா?" கம்சிகா லப்ரொப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பினாள். "எனக்கு இந்த வேலை வேணும். கொழும்புக்குப் போகாமல் இஞ்சயே இருக்க வேணும். அதுக்கு ஆரின்ர கதிரை எண்டாலும் இருப்பன்."

"மானம் கெட்டுப் போய்..."

"மானத்தை நீங்கள் காலமை கேற்றில விட்டிட்டு வந்திட்டியள்."

போய்விட்டாள். கமலாதேவி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் சொன்னதில் 'இஞ்சயே இருக்க வேணும்' என்ற மூன்று சொல் மட்டும் நெஞ்சுக்குள் போய் இருந்துகொண்டது. நடக்கட்டும். வேலை கிடைக்கட்டும். பிள்ளை வீட்டோடு இருந்தால் போதும். கம்பியைப் பற்றி யாருக்குத் தெரியப் போகிறது? ஆடு வாய் திறந்து சொல்லப் போகிறதா?

குழம்பு அடிப்பிடித்தது. உப்பு இரண்டு தரம் போட்டாள். சோற்றை வடித்துவிட்டு வாசலுக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். முன்வளவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் கம்சிகா திரும்பி வந்தாள். மெல்ல வந்தாள். செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள். அப்படி வைக்கிற பிள்ளை அல்ல அவள்.

"என்ன பிள்ளை? சொல்லன்!"

"தந்திட்டினம். நிரந்தரம்."

"பிள்ளையாரே, என்ர அப்பனே!" கமலாதேவி கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. "எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும், என்ர பிள்ளைக்குக் கிடைக்குமெண்டு."

"வீட்டில இருந்தும் செய்யலாமாம். கொழும்பு ஒபிசுக்குப் போயும் செய்யலாமாம். எதெண்டு இண்டைக்கே சொல்லச் சொன்னவை."

"இதென்ன கேள்வி! வீட்டிலதான் எண்டு சொல்லு!"

கம்சிகா கதிரையை இழுத்துத் தாய்க்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தாள். தாயின் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, இண்டைக்கு ஆட்டுக்குக் குழை எங்க வெட்டினனீங்கள்?"

கமலாதேவியின் கை கும்பிட்டபடி நின்றது. "ஆட்டுக்கோ? இப்ப ஏன் ஆட்டுக் கதை?"

"சும்மா கேக்கிறன். எங்க?"

"எங்கட வளவிலதான். வேற எங்க?"

"வளவில எங்க?"

"கிணத்தடியில. அந்தக் கிளுவையில."

"கிணத்தடியில."

"ஓம், கிணத்தடியில! என்ன, தாயை விசாரணை செய்யிறியோ?"

கம்சிகா இன்னொரு பதில் வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை. அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள். பேசுகிற அளவுக்குச் சிக்னல் அந்த வளவில் எப்போதும் இருந்தது. இங்கிலீசில் பேசினாள், சிரித்த குரலில், மரியாதையாக. கமலாதேவிக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியது. கொழும்பு.

"என்ன சொன்னனீ? பிள்ளை, என்ன சொன்னனீ அவைக்கு?"

"கொழும்புக்கு வாறன் எண்டு சொன்னனான்."

"உனக்கென்ன விசரோ?"

"மாமி வீட்டுக் கமெராவை ஜெயரூபன் அண்ணா போன மாதம் திருப்பிப் பூட்டுவிச்சவராம். அது இப்ப ஒழுங்கையையும் பாக்குது. நிலாந்தினி விடியப்புறத்தில இருந்து போட்டுப் பாத்தவள். நீங்கள் காலமை கேற்றில நிண்டு கமெராவைப் பற்றிச் சொன்னாப்பிறகுதான் அவளுக்கு அந்த யோசினை வந்ததாம்."

கமலாதேவி பட்டிப் பக்கம் பார்த்தாள்.

"நேர்முகம் முடியுமட்டும் மாமி வாய் திறக்கேல்லை அம்மா. முடிஞ்சாப்பிறகு தேத்தண்ணி தந்து, பக்கத்தில இருந்து காட்டினவ. கொக்கைத்தடியோட நீங்கள் நிக்கிறியள். கம்பி வாறது கூட உங்களுக்குத் தெரியேல்லை. தெரியாமல்தான் வெட்டினனீங்கள். அதுக்கு எனக்குக் கோவமில்லை, சத்தியமா இல்லை. அந்த முற்றத்தால வரேக்க நினைச்சனான், அம்மாவும் இப்ப குழைக்கட்டுக்குள்ள கம்பியைக் கண்டிருப்பா, கேட்டா சொல்லுவா எண்டு."

"அவளின்ர வேலி எண்டு ஆர் சொன்னது?" கமலாதேவி கத்திவிட்டாள். அவள் அன்று சொன்ன முதல் உண்மை அதுதான். "அந்தக் கதியால் நான் நட்டது! சேத்துக்குள்ள நிண்டு நான் நட்டது!"

"அதைச் சொல்லியிருக்கலாமே அம்மா, கிணத்தடி எண்டு சொல்லாமல்." கம்சிகா அழவில்லை. "அப்பா மாமியைக் கத்தினது பிழை எண்டு தெரிஞ்சுகொண்டும் இன்னும் மறைக்கிறியள். நாளைக்கு என்ர பிழையையும் ஆரின்ர தலையில போடுவியள் எண்டு எனக்குத் தெரியாது. உங்களோட இந்த வீட்டில இருக்க எனக்குப் பயமா இருக்கு."

வாசலில் சைக்கிள் ஸ்ராண்ட் போடுகிற சத்தம் கேட்டது. அரியநாயகம் உள்ளே வந்தார். காலையில் கத்தின கத்தலில் குரல் அடைத்திருந்தது. நேரே அலுமாரிக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தார்.

"யோகம் என்னவோ வீடியோ ஒண்டு அனுப்பியிருக்கிறாள். றோட்டில நிண்டு பாப்பமெண்டா கண்ணாடி இல்லை. இஞ்ச வந்தா லைன் இல்லை. வட்டம் சுத்திக்கொண்டே நிக்குது." போனைக் கமலாதேவியின் கையில் திணித்தார். "மன்னிப்புக் கேட்டு அழுதுகொண்டு எடுத்து அனுப்பியிருப்பாள். அனுப்பட்டும். நான் மாறமாட்டன்."

"நாளைக்குக் காலமை டிலோன் மெசினோட வாறானாம் அப்பா," என்றாள் கம்சிகா. "தன்ர வேலியிலயே திருப்பிக் கட்டச் சொல்லி மாமிதான் கோல் எடுத்தவ. லைன் வந்தவுடனே பாக்கலாம்."

"யோகமோ? வெட்டினவள் ஏன் கட்டச் சொல்லுறாள்?"

"அம்மாவிட்டைக் கேளுங்கோ."

கம்சிகா அறைக்குள் போனாள். அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேஸை இழுத்து இறக்குகிற சத்தம் கேட்டது.

அரியநாயகம் மனைவியைப் பார்த்தார். கமலாதேவியின் உள்ளங்கையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பு லைன் வரவேண்டும் என்று முடக்குப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தவள், இப்போது அதே பிள்ளையாரிடம் அது வராமலே போகட்டும் என்று கெஞ்சினாள்.

"என்ன கமலா? பிள்ளை என்ன சொல்லுது?"

"சோறு ஆறுது," என்றாள் கமலாதேவி. "முதல்ல சாப்பிடுங்கோ."